லாக் ஆஃப் பண்ணாமல் சங்கரன்கோவில் வரை

1

தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் என் கணினி பூட்டிக்கொண்டுவிட்டது.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நிரந்தர ஊழியர்களின் கணினியைக் கால் மணி நேரம் யாரும் தொடாவிட்டால்தான் பூட்டும். ஒப்பந்த ஊழியர்களுடையது ஐந்தே நிமிடத்தில் பூட்டிவிடும். அந்த விதியை எழுதியவளே நான்தான். முகம் பார்க்காதவர்களை நம்பக் கூடாது என்பது என் கட்சி. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் நான் எப்படி ஒப்பந்தக்காரி ஆனேன்?

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையைப் புரியவைக்க இத்தனை வருடத்தில் என்னால் முடியவில்லை. ஒருமுறை அண்ணனிடம் "பாலிசி போடுகிற வேலை" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவன் இன்சூரன்ஸ் என்று நினைத்துக் தன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பரப்பியதில், புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை வியாபாரி அயர்லாந்துக்கு போன் போட்டுத் தன் பாலிசி எப்போது முதிரும் என்று கேட்டார். அதனால் இங்கே நிதானமாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரம். சில மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளைக் கவனிக்கிற அலுவலகம் எங்களுடையது. அங்கே ஒவ்வொருவருடைய கணினியிலும் என்னென்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எத்தனை நிமிடத்தில் பூட்ட வேண்டும், எந்த பிரிண்டரில் அச்சடிக்கலாம் என்றெல்லாம் விதிகள் உண்டு. அவற்றைத்தான் பாலிசி என்கிறோம். விதியை மாற்றினால் ஒவ்வொரு கணினியும் அதன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொள்ளும். அவசரம் என்றால் நான் ஒரு கட்டளை போட்டு உடனே எடுக்க வைப்பேன். சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் பதிவறையில் யாராவது ஒரு நோயாளியின் விவரத்தைப் பாதி டைப் அடித்திருப்பார்கள். அவரை லாக் ஆஃப் பண்ண வைத்தால், அதாவது கணினியைவிட்டு வெளியேற வைத்தால், அந்தப் பாதி போய்விடும். ஆகவே ஆளை எழுப்பாமலே பாயை உருவிவிட்டு வேறு பாய் விரிக்க வேண்டும். அதுதான் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

கட்டளை ஓடி முடிந்ததும் கணினி சில சமயம் ஒன்று கேட்கும். சில மாற்றங்கள் வெளியேறி உள்ளே வந்தால்தான் பிடிக்கும், வெளியேறட்டுமா, ஆமா, இல்லையா என்று. நான் எப்போதும் இல்லை என்றே அழுத்துவேன்.

அன்று அதே வித்தையை எனக்கு யாரோ காட்டியிருந்தார்கள். நான் உட்கார்ந்திருக்கும்போதே என் பாயை உருவியிருந்தார்கள்.

2

ஒப்பந்தக்காரர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நடுவில் என் பெயர். கோமதி எஸ்.

இந்த 'எஸ்'ஸுக்கு ஒரு கதை உண்டு. வந்த புதிதில் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா சங்கரனின் இனிஷியலைப் போட்டேன். வங்கி, வரி அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. என் மேலாளர் டெக்லன் இன்றுவரை என்னை "மிஸ் எஸ்" என்றுதான் கூப்பிடுகிறான். உளவாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்திருக்கலாம். ஆனால் யார் எடுத்தது என்று பதிவாகும். தன் அதிகாரத்தைத் தானே கூட்டிக்கொண்டாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப அது ஒன்று போதாதா? டெக்லனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், தெரிந்துகொண்டாள் என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே சந்தேகம்தான். டெக்லன் காலையில் "ஊருக்கு எப்போது கிளம்புகிறாய்?" என்று அன்பாகக் கேட்டான். ஏன் கேட்கிறான்? எனக்கு வருகிற வேலைக் கோரிக்கைகள் பாதியாகக் குறைந்திருந்தன. யார் செய்கிறார்கள்? வாராந்தரக் கூட்டத்தில் ஒப்பந்த நிறுவனத்துப் பெண் ஒருத்தி பேசுவாள். பெயர் மதி என்று சொல்லியிருந்தாள். ஊர் "இந்தியா". கேமராவைத் திறக்க மாட்டாள். நல்ல இங்கிலீஷ். ஒருநாள் மைக்கை மூட மறந்துவிட்டு பக்கத்தில் யாரிடமோ சொன்னாள்: "ஏட்டி, அந்த ஃபேனைக் குறையேன். ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

நம் பக்கத்துப் பேச்சு. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்து "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. என் வேலை எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

3

ஒருவர் கணினிக்குள் நுழையும்போது அவர் யார், எதைத் தொடலாம் என்று கணினி ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி எழுதிக்கொள்ளும். நடுவில் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டாலும், ஆள் வெளியேறும்வரை பழைய சீட்டு பேசும். முழுசாக இல்லாவிட்டாலும் பாதிக்காவது பேசும். ஆகவே நான் ஒரு முடிவு எடுத்தேன். லாக் ஆஃப் பண்ணுவதில்லை.

மாலையில் மடிக்கணினியைப் பூட்டி, அணைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜரில் சொருகினேன். என் மகன் அருண், பதினாறு வயது, தமிழைக் காதால் வாங்கி வாயால் இங்கிலீஷில் திருப்பித் தருகிறவன், ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மா இதற்கு மருந்து இருக்கிறது என்றான். என் கணவர் சார்ஜர் வயரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார். அவருக்கு என்னைத் தெரியும்.

ஊரில் கோமதி அம்மனின் ஆடித் தபசுத் திருவிழா. அதற்குச் சங்கரன்கோவிலுக்குப் போக முன்பே டிக்கெட் போட்டாயிற்று. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அருணும் மட்டும். மடிக்கணினியைக் கொண்டுபோகலாமா, கூட்டத்தில் அங்கிருந்தே கலந்துகொள்வேன் என்று டெக்லனிடம் கேட்டேன். உடனே சரி என்றான். எதற்கும் மூன்று மின்னஞ்சல் கேட்கிற ஆள் உடனே சரி என்றால் என்ன அர்த்தம்? விமானத்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். இடையில் இறங்கிய விமான நிலையத்தில் சோதனை அதிகாரி ஒருவர் அணைத்துக் காட்டச் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு வேர்த்த வேர்வையைப் பார்த்து, என்னை மட்டும் தனியே நிறுத்திப் பையைக் குடைந்தார்கள்.

அண்ணனுக்கு ரத வீதி பக்கம் எலக்ட்ரிகல் கடை. வீட்டு மாடியில் எனக்கென்று ஒரு அறை கட்டியிருக்கிறான். நான் ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்வேன்: "வேலை மட்டும் இங்கன இருந்தா அடுத்த ப்ளேன்லயே வந்துருவேன்ணே." அவன் அதை நம்பினான். போன வருடம் அந்த அறையின் நிலைக்கு மேலே கிரானைட்டில் 'கோமதி' என்று வெட்டிப் பதித்தும்விட்டான். படம் எடுத்து அனுப்பியபோது நான் அழுதேன்.

வந்த அன்றே கரண்ட் போயிற்று. "அண்ணே, இன்வெர்ட்டர்!" என்று நான் கத்தியதில் மதினி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள்.

"என்னத்துக்குட்டி இந்தப் பாடு? பொட்டியை அடைகாக்கியா?" என்றான் அண்ணன்.

"ஆஃப் ஆச்சுன்னா வேலை போயிரும்ணே."

"அப்படியென்ன வேலை அது! போனா போகுது, இங்கன வந்துரு. ரூமுதான் இருக்குல்லா."

நான் சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன்.

4

தபசு அன்று மத்தியானமே ஊர் நிரம்பிவிட்டது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காரர்கள் விளைந்த பருத்தியையும் வத்தலையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், சாமி காட்சி தருகிற நேரத்தில் வீசுவதற்கு. அண்ணன் வீட்டார் அருணையும் கூட்டிக்கொண்டு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அயர்லாந்தில் காலை. எனக்குக் கூட்டம். மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

டெக்லன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மதி பதில் சொல்ல மைக்கைத் திறந்தாள். அந்த நேரம் வெளியே ஒலிபெருக்கி அலறியது. மஞ்சள் சட்டை போட்ட பையன் ஒருவன் தனியாக நிற்கிறான், பெற்றோர் பஸ் ஸ்டாண்டு பந்தலுக்கு வரவும் என்று. ஜன்னல் வழியாகக் கேட்ட அதே அறிவிப்பு ஒரு மூச்சு தள்ளி என் ஹெட்போனிலும் கேட்டது. மஞ்சள் சட்டை, பஸ் ஸ்டாண்டு பந்தல், எல்லாம்.

"எதிரொலி வருகிறதே?" என்றான் டெக்லன்.

நான் மைக்கை மூடினேன். அவளும் அதே நொடியில் மூடினாள்.

இந்தியா என்றால் இந்தியாவில் ஏதோ ஒரு மூலை என்று இருந்தேன். இவள் இங்கே, கூப்பிடு தூரத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! எனக்குக் கோபம் வந்தது. எந்த வேலைக்காக நான் ஊரைவிட்டுப் போனேனோ அந்த வேலை எனக்குத் தெரியாமல் என் ஊருக்கே வந்து குடியேறியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மடிக்கணினியை மூடாமல் துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பந்தல்காரர்களிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர் ஆபீசா? அந்த மொபைல் கடை மாடி. இன்னைக்கும் லீவு விடாத ஒரே ஆபீஸ் அதுதான்" என்று காட்டினார்கள்.

5

படியேறியதும் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசையாக மேஜைகள், இரண்டு மூன்று பேர். ஜன்னலோரம் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே எழுந்தாள். என் இடுப்பில் இருந்த துண்டுப் பொட்டலத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"செக்கிங்கா?" என்றாள்.

"என்ன செக்கிங்?"

"நீங்கதானே மிஸ் எஸ்? குரல் தெரியுது. எனக்கு அப்பவே சந்தேகம். ரெண்டு வாரமா நீங்க என்னைய நோட்டம் பாக்கீங்க. முந்தியெல்லாம் பேசுவீங்க, இந்த ரெண்டு கூட்டத்துல ஒரு வார்த்தை பேசலை."

"நான் உன்னை நோட்டம் பார்க்கேனா? என் வேலையை யாரு செய்யுதான்னு கண்டுபிடிக்க வந்திருக்கேன்."

"நா ஒண்ணும் தொடலைக்கா."

"தொடாமலா எனக்கு வர்ற வேலையெல்லாம் தானா முடியுது?"

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருகினாள். பிறகு ஒரேயடியாகக் கொட்டிவிட்டாள். "ஒருநாள் உள்ள வந்து பாக்கேன், எல்லாக் கதவும் தெறந்து கெடக்கு. யாருக்கும் எந்த பாலிசியும் மாத்தலாம். என்னைய சோதிக்காங்கன்னு நெனைச்சேன். சொன்னா எடுத்துருவாங்க, சொல்லாட்டா மாட்டிக்குவேன். அதுக்குள்ள கோரிக்கை வர ஆரம்பிச்சுட்டு. வேலைன்னு வந்தது, செஞ்சேன். யாரையும் லாக் ஆஃப் பண்ண விடலை. ஒரு ஆளுக்கும் ஒரு எழுத்துகூடப் போகலை, நீங்க வேணா பாத்துக்கோங்க."

அவள் திருகிய அட்டையில் பெயர் கண்ணில் பட்டது. கோமதி எஸ்.

"உன் பேரு மதின்னு சொன்னியே?"

"அவங்களுக்கு வாயில நுழையட்டும்னு கம்பெனியில சுருக்கிட்டாங்க. முழுப் பேரு கோமதி. இந்த ஊருல கோமதின்னு கூப்பிட்டா ஒரு தெருவே திரும்பும்லா."

"அப்பா பேரு?"

"சங்கரலிங்கம். ஏன்க்கா?"

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. இவளும் அந்தக் கட்டத்தில் இனிஷியலைப் போட்டிருக்கிறாள். எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவருக்குக் கணினித் திரையில் இரண்டு கோமதி எஸ் தெரிந்திருக்கிறது. புதிதாக வந்தவளை ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கப் போய் என்னைச் சேர்த்து, எனக்குப் புதுப்பிக்க வேண்டிய அதிகாரத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதிகாரம் உள்ளவர்களின் பட்டியலையும் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு முதல் ஆதாரமே போதும், இரண்டாவதைத் தேட மாட்டோம்.

விஷயம் புரிந்ததும் அவளும் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "டெக்லனுக்கு எழுதப் போறீங்களா?"

"எழுதாமல்?"

"எழுதுனா என்னையத்தான் தூக்குவாங்கக்கா. நெதம் திருவேங்கடத்துல இருந்து வாரேன். முடிச்சுட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுதேன். இங்கன ஒரு ரூம் கெடைச்சா போதும்னு இருக்கேன். இப்பம் போயி..."

அவளுக்காக இரக்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், முதலில் என் வேலையை நினைத்தே எழுத உட்கார்ந்தேன். பிறகு அவள் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே அதையும் எழுதினேன். பெயர் மாறிவிட்டது, தவறு எங்கள் இருவருடையதும் அல்ல, இந்த நாட்களில் வேலையைச் செய்தவள் சங்கரன்கோவில் கோமதி, சுத்தமாகச் செய்திருக்கிறாள் என்று. அவளுக்குக் காட்டிவிட்டே அனுப்பினேன்.

வெளியே குலவைச் சத்தமும் கூச்சலும் எழுந்தன. சாமி காட்சி கொடுத்துவிட்டார் போல. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

6

மறுநாள் டெக்லன் அழைத்தான். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அருண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழைப்பை ஸ்பீக்கரில் போட்டேன். டெக்லன் வாய்விட்டுச் சிரித்தான். மன்னிப்புக் கேட்டான். பெயர்களைச் சரிசெய்தாயிற்று, ஒருமுறை வெளியேறி உள்ளே வா, எல்லாம் பழையபடி இருக்கும் என்றான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்றான். மூச்சு வந்தது.

பிறகு சொன்னான்: "இன்னொன்று. இந்தத் தவறால் ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. இந்த வேலையை அங்கிருந்தே செய்ய முடியும். அந்த அணிக்கு ஒரு தலைவர் வேண்டும். நிரந்தரப் பதவி. உன் சொந்த ஊர் அதுதானே? எப்போதும் திரும்பிப் போக வேண்டும் என்பாயே."

அண்ணனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். ஆனால் அது போதுமானதாக இருந்தது. கையைக் கழுவாமலே எழுந்துவிட்டான். "ஏ கோமு! வேலையே இங்கன வந்துட்டா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

"இதுல யோசிக்க என்னட்டி இருக்கு?"

"அருண் படிப்பு இருக்குல்லாண்ணே. அவனை நடுவுல..."

அருண் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "எனக்கு ஓகேம்மா," என்றான். தமிழில் சொன்னான், அதுதான் கொடுமை. "ரெண்டு வருஷத்துல நா காலேஜுக்குப் போயிருவேன். நீ வேணும்னா வா. நேத்து மாமா கூட நல்லா இருந்துச்சு."

அடுத்து என் கணவரின் வேலை என்றேன். அவருக்கும் ஏதாவது பார்க்கலாம் என்றான் அண்ணன். வீட்டுக் கடன் என்றேன். வித்துட்டு வா என்றான். வெயில் என்றேன். அப்போது அவன் என் முகத்தையே பார்த்தான். நான் சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. இத்தனை நாளாக டெக்லனைச் சந்தேகப்பட்டேன், முகம் தெரியாத பெண்ணைச் சந்தேகப்பட்டேன், விமான நிலையத்து அதிகாரியைக்கூட விடவில்லை. அடுத்த ப்ளேனில் வருவேன் என்று வருடா வருடம் சொல்லிவந்த பொம்பளையை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

"என்னால முடியாதுண்ணே," என்றேன். "எனக்கு அங்கன இருக்கத்தான் பிடிச்சிருக்கு."

சொன்னதும் அழுகை வந்தது. அண்ணன் கையில் சோறு காய்ந்துவிட்டது. போய்க் கழுவிவிட்டு வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா கிரானைட்டுக்குக் குடுத்த காசாவது மிஞ்சியிருக்கும்லா," என்றான். பிறகு, "அந்தத் திருவேங்கடத்துப் பிள்ளை ரூம் தேடுதுன்னியே, வரச் சொல்லு," என்றான்.

அன்று மாலை மடிக்கணினியைத் திறந்தேன். விதிகளைப் புதுப்பிக்கும் கட்டளையைப் போட்டேன். வெளியேறட்டுமா என்று கேட்டது. ஆமா என்றேன். திரும்ப உள்ளே போனபோது டெக்லன் சொன்னபடி எல்லாம் இருந்தது. மாட்டேன் என்று அவனுக்கு இரண்டு வரி எழுதினேன். பரவாயில்லை, அப்படியானால் அந்த வேலை அங்கேயே நடக்கட்டும், உனக்கு இங்கே வேறு ஏதாவது பார்க்கலாம் என்று பதில் வந்தது. வேறு ஏதாவது என்றால் என்ன என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் திருவேங்கடத்துக் கோமதி வந்தாள். ஒரு பை, ஒரு மெத்தை. நிலைக்கு மேலே இருந்த பெயரை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டான். அறையில் என்னுடையது என்று ஒரு தகரப் பெட்டி மட்டும் இருந்தது, திரும்பி வரும்போது வேண்டும் என்று வருடா வருடம் ஏதாவது போட்டு வைத்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து முற்றத்தில் நின்றாள்.

"இதை எங்கன வைக்கக்கா?" என்று கேட்டாள்.

நான் அதை வாங்கி என் இடுப்பில் இடுக்கிக்கொண்டேன்.